நூறு பிள்ளைகளுக்கு ஆறு மேசை: மொரீசியசில் கைவினை, தொழில்நுட்பச் சந்தை நடத்தும் வழி

மண்டபம் கிடைத்தாகிவிட்டது. பத்துப் பதினைந்து பேர் உதவிக்கு வருகிறோம் என்று சொல்லியும் விட்டார்கள். இனி என்னென்ன மேசை போடலாம் என்று பேச உட்காரும்போதுதான் முதல் தவறு நடக்கிறது. ஆளுக்கு இரண்டு யோசனை என்று பட்டியல் இருபதைத் தொட்டுவிடும். சந்தை நாளில் பாதி மேசைக்கு ஆள் போதாது. மீதி மேசைகளில் வரிசை வாசல் வரை நிற்கும். காத்திருந்து அலுத்த பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே யோசனைப் பட்டியலை மடித்து வைத்துவிட்டு முதலில் நாற்காலியை எண்ணுங்கள்.

கணக்கு சுலபம். ஒரு மேசையில் எட்டுப் பிள்ளைகள். வேலைக்கு 20 நிமிடம், மேசையைத் துடைத்து அடுத்த எட்டுப் பேரை உட்கார வைக்க 5 நிமிடம். ஆக ஒரு சுற்றுக்கு 25 நிமிடம். காலை 9:30 முதல் 12:30 வரை 180 நிமிடம் இருக்கிறது, அதில் ஏழு சுற்று அடங்கும். ஒரு மேசைக்கு 56 இருக்கை, ஆறு மேசைக்கு 336. ஒரு பிள்ளை மூன்று மேசையிலாவது உட்கார்ந்தால்தான் வந்த பயன் உண்டு என்று வைத்துக்கொண்டால், 336ஐ மூன்றால் வகுக்க 112 வருகிறது. தொடக்கத் தாமதத்தையும் நடுவில் கெட்டுப்போகும் ஒன்றிரண்டு சுற்றையும் கழித்து 100 சீட்டு மட்டும் கொடுங்கள். 150 பிள்ளைகள் கண்டிப்பாக வருவார்கள் என்றால் புதிதாக ஒரு கலையைத் தேடிப் போகாதீர்கள். நன்றாக ஓடும் மேசைகளில் மூன்றை இரட்டிப்பாக்குங்கள். அதே பொருள்கள், அதே விளக்கம், கூட உட்காருபவருக்குப் பழக்கமும் அரை மணியில் வந்துவிடும்.

சீட்டு என்றால் கையடக்க அட்டையில் ஆறு கட்டம், ஒவ்வொன்றிலும் மேசை எண். முடித்த மேசையில் முத்திரை குத்துங்கள். எண்களை ௧ முதல் ௬ வரை தமிழிலேயே பெரிதாக எழுதி மேசைக்கு மேல் தொங்கவிடலாம். நம் ரூபாய்த் தாள்களில் தமிழ் எண்கள் அச்சாகியிருப்பதை அன்றுதான் முதல்முறை பார்க்கும் பிள்ளைகள் நிறையப் பேர். அப்பாவின் பணப்பையைத் திறக்கச் சொல்லி ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், வரிசையில் நிற்கும் ஐந்து நிமிடமும் அதில் கழிந்துவிடும்.

வயது 6 முதல் 12. அதற்குக் கீழே உள்ளவர்களைத் தடுக்க முடியாது, தம்பி தங்கைகள் கூடவே வருவார்கள். அவர்களுக்கென்று ஒரு பாய், தடித்த கிரேயான், பெரிய தாள், கூட ஒரு பாட்டி. பட்டன் பேட்டரி இருக்கும் பக்கம் அந்தப் பாய் இருக்கவே கூடாது. காரணம் கீழே வருகிறது.

ஆள் கணக்கு: மேசைக்கு இரண்டு பேராகப் பன்னிரண்டு பேர். வாசலில் பெயர் எழுத இருவர். பொருள் தீர்ந்த மேசைக்கு ஓடிக் கொடுக்க இருவர். சூட்டுப் பசையால் ஒட்டிக் கொடுக்கும் ஒட்டு நிலையத்தில் ஒருவர், முதலுதவிக்கு ஒருவர், மாற்றாள் நால்வர். மொத்தம் 22. மாற்றாள் இல்லாமல் நடத்தலாம் என்று தோன்றும். பதினோரு மணிக்கு மேசையில் இருக்கும் அக்கா தண்ணீர் குடிக்கப் போனதும் எட்டுப் பிள்ளைகளும் கத்தரியும் தனியாக நிற்கும்போது தெரியும்.

நாளும் இடமும்

நவம்பரிலிருந்து மே நடுப்பகுதி வரை புயல் காலம். ஜனவரி, பிப்ரவரியில் தைப்பூசக் காவடி, அதையொட்டித் தீமிதி, ஏப்ரலில் வருடப்பிறப்பு, புரட்டாசி முழுக்கக் கோவிந்தன் விரதம். கோவில் மண்டபம் காலியாக இருப்பதும், சமையல் கட்டிலும் வரவேற்பிலும் கை கொடுக்கும் அதே பத்துப் பேர் சும்மா இருப்பதும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான். குளிர்காலப் பள்ளி விடுமுறையும் அப்போது வருகிறது. விடுமுறையின் முதல் சனிக்கிழமையை மட்டும் தவிருங்கள், குடும்பங்கள் கடற்கரை பங்களாவுக்குக் கிளம்பிவிடும்.

அந்த மாதங்களின் எதிரி காற்று. தென்கிழக்குக் காற்று கீழ்க்கரை ஊர்களில் நாள் முழுக்க அடிக்கும். குரேபிப், வாக்வா போன்ற மேட்டு ஊர்கள் என்றால் கூடவே தூறலும். கல்யாணத்துக்குப் போடுவதுபோல் வெளியே ஒரு சால் வெர்த் பந்தல் போட்டுவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். தாள், செம்பு டேப், கோலப்பொடி மூன்றும் உள்ளே இருக்க வேண்டும். வெளிப் பந்தலில் அட்டை வண்டிக்கான சரிவுப் பலகையும் காற்றாடி செய்யும் தென்னோலை நிலையமும் மட்டும் போதும். காற்றாடிக்குக் காற்று நல்லதுதானே.

மண்டபத்தை ஒரு முறை பகலில் போய்ப் பாருங்கள். கையில் ஒரு அளவு நாடா, ஒரு டேபிள் விளக்கு. விளக்கை ஒவ்வொரு ப்ளக்கிலும் செருகிப் பார்த்து, எது வேலை செய்கிறது என்று வரைபடத்தில் குறியுங்கள். இங்கே மூன்று சதுரக் கால் ப்ளக்கும் இரண்டு உருண்டைக் கால் ப்ளக்கும் கலந்து கிடக்கின்றன. லேப்டாப் சார்ஜர் ஒரு வகை, மண்டபச் சுவர் இன்னொரு வகை என்று ஆகும். கென்கயிரியில், அதாவது இரும்புச் சாமான் கடையில், இரண்டு வகையும் ஏற்கும் மல்டிப்ரீஸ் (பல ப்ளக் செருகும் நீட்டிப் பலகை) நான்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் 230 வோல்ட், சதுரக்கால் ப்ளக் ஒன்று 13 ஆம்பியர் தாங்கும், அதாவது ஏறத்தாழ 3,000 வாட். நான்கு லேப்டாப் சேர்ந்தாலும் 300 வாட்டைத் தாண்டாது, பசைக் குச்சியை உருக்கி ஒட்டும் சின்னக் க்ளூ கன் ஒன்று 20 முதல் 40 வாட்தான். மண்டபத்தில் கரண்டு விழுந்தால் கணினி மேசையை எல்லாரும் முறைப்பார்கள். போய்ப் பார்த்தால் சமையல் கட்டில் இரண்டு தேநீர்க் கெட்டில் ஒரே மல்டிப்ரீஸில் இருக்கும், ஒவ்வொன்றும் 2,000 வாட்டுக்கு மேல். கெட்டிலைத் தனிச் சுற்றில் வையுங்கள், அல்லது தேநீரை வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் கொண்டுவரச் சொல்லுங்கள்.

மேசை உயரம் இன்னொரு தொல்லை. மண்டப மேசைகள் பெரியவர்கள் சாப்பிடுவதற்கானவை, முக்கால் மீட்டர் உயரம். ஆறு வயதுப் பிள்ளை உட்கார்ந்தால் மார்பு வரை வரும், கையைத் தூக்கியே வேலை செய்யவேண்டும், கத்தரி கோணலாக ஓடும். ஓலைப் பின்னல், கோலம் இரண்டையும் பாயில் உட்கார்ந்து செய்வதே இயல்பு. அப்படி இரண்டு நிலையத்தைத் தரைக்கு இறக்கினால் மேசையும் மிச்சம்.

என்னென்ன செய்யலாம்

ஆறு நிலையங்களில் மூன்று கைவேலை, மூன்று மின்சாரமோ கணினியோ சேர்ந்தது என்று பிரித்தால் சரியாக வரும். இரண்டையும் மண்டபத்தில் எதிரெதிர் மூலைக்குத் தள்ளாதீர்கள், மாற்றி மாற்றிப் போடுங்கள். தள்ளினால் பையன்கள் ஒரு பக்கமும் பெண்பிள்ளைகள் ஒரு பக்கமுமாகப் பெற்றோரே பிரித்து அனுப்பிவிடுவார்கள்.

முதல் நிலையம் வாக்வா ஓலை. நம் தாழையின் இனம்தான். சந்தைக்குக் கொண்டுபோகும் தாந்த் வாக்வா கூடை இதில் முடைவது. பச்சை ஓலையின் இரு ஓரத்திலும் நடு நரம்பிலும் முள் இருக்கும். அதைச் சீவி, காயவைத்து, பட்டையாகக் கிழிப்பது பழகிய கை செய்யும் வேலை, பிள்ளைகளிடம் விடக்கூடாது. கூடை முடையும் அம்மா ஒருவரிடம் ஒரு மாதம் முன்பே சொல்லி, 1 சென்டிமீட்டர் அகலம், 18 சென்டிமீட்டர் நீளப் பட்டைகளாக வாங்குங்கள். எட்டுக்கு எட்டாகப் பின்னினால் கோப்பை வைக்கும் 8 சென்டிமீட்டர்ச் சதுரம் கிடைக்கும், மீதி நீளம் ஓரத்தை மடித்துச் செருக. ஒரு பிள்ளைக்கு 16 பட்டை, 56 பிள்ளைக்கு 896, உடைவதையும் சேர்த்து ஆயிரம் வையுங்கள். காய்ந்த பட்டை மடிக்கும் இடத்தில் முறியும். சுற்றுத் தொடங்கப் பத்து நிமிடம் முன்பு ஈரத்துணியில் சுற்றி வைத்தால் வளையும். ஊறப்போடக் கூடாது, ஊறிய பட்டை உலர்ந்ததும் சுருங்கிப் பின்னல் தளர்ந்துவிடும். இருபது நிமிடத்தில் சின்னவர்கள் முடிக்கவேண்டுமானால் முதல் நான்கு வரியை முந்தைய நாளே பின்னித் துணிக் கிளிப் போட்டு வையுங்கள். பின்னலில் பிள்ளைகள் திணறுவதே அந்த முதல் நான்கு வரிதான். பட்டைகள் நழுவும், பிடிக்க மூன்றாவது கை வேண்டும்.

தென்னோலை நிலையத்துக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. கிளி, காத்தாடி, பீப்பி மூன்றையும் எந்தத் தாத்தாவைக் கேட்டாலும் செய்வார். மட்டையை முந்தின நாள் மாலை வெட்டி ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். அடி இலையும் நுனி இலையும் கூடாது, நடுவில் இருப்பவைதான் ஒரே அகலம். இந்த நிலையத்தில் பீப்பி செய்தால் சத்தம் தாங்காது. விளக்கம் சொல்லவேண்டிய மேசைகளிலிருந்து தூரத்தில், வெளிக் கதவோரம் போடுங்கள்.

அட்டை வண்டிக்கு 10க்கு 15 சென்டிமீட்டர் அட்டைப்பெட்டித் துண்டு, நான்கு பாட்டில் மூடி, இரண்டு மூங்கில் குச்சி, இரண்டு துண்டு உறிஞ்சுகுழல். இந்திய வழிகாட்டிகளில் பிளாஸ்டிக் குழல் என்று போட்டிருக்கும். இங்கே 2021 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் குழல், தட்டு, குவளைகளுக்குத் தடை. காகிதக் குழலே போதும், அச்சு உள்ளே தடையில்லாமல் சுற்றுகிறதா என்று மட்டும் பாருங்கள். வண்டி நொண்டினால் மூடியின் ஓட்டை நடுவில் இல்லை என்று அர்த்தம். 224 மூடிக்கும் முன்கூட்டியே மரக்கட்டை மேல் வைத்து ஆணியால் ஓட்டை போட்டு வையுங்கள், ஒரு மாலை முழுக்க இரண்டு பேருக்கு வேலை. பலூன் கட்டி ஓட்டும் வகையைத் தவிருங்கள். ஊத ஊதக் காகிதக் குழல் நைந்துவிடும், வெடித்த பலூன் துண்டு சின்னப் பிள்ளைகளின் தொண்டையில் சிக்கும். ஒரு நீளப் பலகையை நாற்காலி மேல் சாய்த்துச் சரிவு செய்தால் பந்தயம் தானாக நடக்கும்.

ஒளிரும் அட்டை

எந்தச் சந்தையிலும் மிக நீளமான வரிசை இந்த மேசைக்குத்தான். மிக அதிகமாகப் பழுதாவதும் இதுதான். ஒரு உறைக்குள்: வாழ்த்து அட்டைக் கனத்தில் ஒரு அட்டை, 5 மில்லிமீட்டர்ச் சிவப்பு எல்இடி ஒன்று, 30 சென்டிமீட்டர் செம்பு டேப், ஒரு சின்ன பைண்டர் கிளிப். பேட்டரி சிஆர்2032, நாணயம்போல் இருக்கும் 3 வோல்ட் பட்டன் பேட்டரி, அதை உறைக்குள் போடக் கூடாது.

அட்டையின் கீழ் வலது மூலையில் நாணய அளவு வட்டம் வரைந்து வையுங்கள். அதுதான் பேட்டரியின் இடம். வட்டத்தின் நடுவிலிருந்து ஒரு செம்புத் தடம் எல்இடியின் ஒரு காலுக்குப் போகும். இன்னொரு தடம் மூலையை மடித்தால் பேட்டரியின் மேல்முகத்தைத் தொடும் இடத்திலிருந்து கிளம்பி மறுகாலுக்குப் போகும். மூலையை மடித்துக் கிளிப் போட்டால் விளக்கு எரியும். கிளிப்பை எடுத்தால் அணையும். சுவிட்ச் தனியாக வேண்டாம்.

எரியவில்லை என்று பத்தில் நான்கு பிள்ளைகள் கை தூக்குவார்கள் என்று எதிர்பார்த்தே உட்காருங்கள். பார்க்கவேண்டிய வரிசை: முதலில் பேட்டரியைத் திருப்பிப் போடுங்கள். எல்இடியின் நீளக் கால் கூட்டல் பக்கம், ஒட்டிய எல்இடியைப் பிய்ப்பதைவிடப் பேட்டரியைப் புரட்டுவது ஒரு நொடி வேலை. அப்படியும் எரியாவிட்டால் வளைவுகளைப் பாருங்கள். பிள்ளைகள் டேப்பை வெட்டி, அடுத்த துண்டை அதன்மேல் ஒட்டியிருப்பார்கள். மலிவான செம்பு டேப்பின் பசை மின்சாரம் கடத்தாது. மேலிருந்து பார்க்கச் செம்பு தொடர்வதுபோல் இருக்கும், நடுவில் பசை மறித்து நிற்கும். டேப்பை வெட்டாமல் திருப்புவதைத்தான் மேசையில் முதலில் காட்டவேண்டும். வளைவு வரை ஒட்டியதும், போகவேண்டிய திசைக்கு நேர் எதிர்ப் பக்கமாக டேப்பை மடியுங்கள், பசைப்பக்கம் மேலே தெரியும். அந்த மடிப்பை நகத்தால் அழுத்திவிட்டு, டேப்பைத் தன் மேலேயே மடித்து வேண்டிய திசைக்குக் கொண்டுபோங்கள். செம்புப்பக்கம் மறுபடி மேலே வந்துவிடும், மூலையில் ஒரு சின்ன முக்கோணம் நிற்கும். எட்டு வயதுக்கு மேல் எல்லாருக்கும் இரண்டாவது முயற்சியில் வந்துவிடும்.

மூன்றாவது சந்தேகம் எல்இடியின் கால்கள். இரண்டையும் பக்கத்துக்கு ஒன்றாகப் படுக்க வளைத்து, செம்பின் மேல் வைத்து, மேலே சாதா செல்லோ டேப் ஒட்டி, கரண்டியின் பின்பக்கத்தால் தேயுங்கள். விரலால் அழுத்தும்போது எரிந்து, விட்டதும் அணைந்தால் இங்கேதான் தொடுப்பு விட்டிருக்கிறது. நான்காவது, பேட்டரி சூடாகிறது ஆனால் விளக்கு எரியவில்லை என்றால் குறுக்குச் சுற்று. கூட்டல் முகம் விளிம்பு வரை வளைந்து இறங்குகிறது. கழித்தல் பக்கத் தடம் வட்டத்தைவிட அகலமாக இருந்து விளிம்பைத் தொட்டுவிட்டது. அதைக் கத்தரித்துச் சிறிதாக்குங்கள்.

நிறம் கலப்பதில் ஆசைப்படாதீர்கள். சிவப்பு எல்இடி 2 வோல்ட் அளவில் எரியத் தொடங்கிவிடும், நீலத்துக்கும் வெள்ளைக்கும் 3 வோல்ட் நெருங்க வேண்டும். இரண்டையும் ஒரே பேட்டரியில் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் சிவப்பு எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும், நீலம் இருட்டாகவே கிடக்கும். பேட்டரி போதாதோ என்று ஏஏ இரண்டு மாட்டினால் தனித்த சிவப்பு எல்இடி கருகும். மாட்டத்தான் வேண்டும் என்றால் நடுவில் மின்னோட்டத்தைக் குறைக்கும் 100 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். சிஆர்2032க்கு அது தேவையில்லை, அதன் உள்தடையே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது.

இனி அந்தப் பேட்டரி. விழுங்கிய பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரிக்கத் தொடங்கிவிடும். ஆகவே விதிகள் கடுமையாக இருக்கட்டும். பேட்டரி பூட்டிய பெட்டியில், பெட்டி ஒரே ஒருவர் மடியில். சுற்றுக்கு எட்டு எடுத்து எட்டைக் கணக்குக் காட்டவேண்டும், குறைந்தால் மேசை நிற்கும், தேடிக் கண்டுபிடித்த பிறகே அடுத்த சுற்று. வீட்டுக்குப் போகும்போது பேட்டரியைத் தடித்த டேப்பில் சுற்றி அம்மாவின் அல்லது அப்பாவின் கையில் கொடுங்கள், பிள்ளையின் கையில் அல்ல. ஒரு பிள்ளை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் 114க்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், பேட்டரி உறையையும் எடுத்துக்கொண்டு. இன்னொன்று: பேட்டரிகளைப் பிரித்து ஒரு டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். ஒன்றை ஒன்று தொட்டு இரவோடு இரவாகத் தீர்ந்துபோகும். கடை உறையிலேயே இருக்கட்டும்.

கிறுக்கு ரோபோ

காகிதக் குவளையைக் கவிழ்த்து, மூன்று ஸ்கெட்ச் பேனாவைக் காலாக ஒட்டி, தலையில் ஒரு சின்ன 3 வோல்ட் மோட்டார். மோட்டார் அச்சில் ஒரு ரப்பர்த் துண்டை நடு விலகிச் செருகினால் சுற்றும்போது முழுக் குவளையும் அதிரும், பேனாக்கள் தாளில் வட்டம் வட்டமாகக் கிறுக்கும். இதற்குப் பட்டன் பேட்டரி ஒத்துவராது. மோட்டார் கேட்கும் மின்னோட்டத்தை அதனால் கொடுக்க முடியாது, மோட்டார் முனகிவிட்டு நின்றுவிடும். ஏஏ இரண்டு, தாங்கியோடு.

எல்லாப் பிள்ளைக்கும் மோட்டார் வாங்கிக் கொடுக்கப் பணம் இருந்தாலும் வேண்டாம் என்போம். எட்டு இருக்கைக்குப் பத்து செட் செய்து, சுற்று முடிந்ததும் பிரித்து அடுத்தவர்களுக்குக் கொடுங்கள். பிள்ளை வீட்டுக்கு எடுத்துப்போவது ரோபோ வரைந்த தாள். பிரிப்பதற்காகவே பேனாக்களை மாஸ்கிங் டேப்பால் மட்டும் ஒட்டுங்கள். ரோபோ அசையாமல் உறுமினால் ரப்பர்த் துண்டு சிறியது அல்லது நடுவில் இருக்கிறது. ஒரே இடத்தில் சுற்றினால் கால் ஒன்று குட்டை. திடீரென்று நின்றால் கம்பி சுற்றும் ரப்பரில் மாட்டியிருக்கும், கம்பியைக் குவளைப் பக்கவாட்டில் டேப் போட்டு இறக்குங்கள். மோட்டாரின் கம்பி பற்றவைத்த இடத்தில் முறிவதும் அடிக்கடி நடக்கும். முந்தைய நாளே அந்த இடத்தில் ஒரு துளி க்ளூ விட்டால் ஏழு சுற்றும் தாங்கும்.

ஈயத்தை உருக்கிக் கம்பி பற்றவைக்கும் சால்டரிங் மேசை வேண்டும் என்று யாராவது கேட்பார்கள். இரண்டு பிள்ளைக்கு ஒரு பெரியவர், காற்றோட்டம், கண்ணாடி எல்லாம் வேண்டும். முதல் சந்தையில் வேண்டாம். க்ளூ கன் கூட மேசைகளில் கூடாது. சுவரோரம் ஒட்டு நிலையம் ஒன்று, இரண்டு கன், ஒரு பெரியவர். பிள்ளைகள் பொருளைக் கொண்டுவந்து காட்டுவார்கள், அவர் ஒட்டிக் கொடுப்பார். குறைந்த சூட்டுக் கன்னும் தோலைச் சுடும். சுட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்கவேண்டும். பற்பசை, வெண்ணெய் எதையும் தடவ விடாதீர்கள், தடவ வரும் அத்தைகள் இருப்பார்கள்.

கோலமும் கட்டளையும்

தரையில் மாஸ்கிங் டேப்பால் ஐந்துக்கு ஐந்து கட்டம், ஒவ்வொன்றும் 40 சென்டிமீட்டர். ஆறு கோடு இப்படி, ஆறு அப்படி, கோட்டுக்கு 2 மீட்டர் என்று 24 மீட்டர் டேப் ஆகும். ஒரு பிள்ளை ரோபோ. மற்றவர்கள் முன்னே, இடம், வலம் என்று மூன்று சொல்லில் மட்டும் அவனை மூலையிலிருந்து மூலைக்குக் கொண்டுபோகவேண்டும். பத்து நிமிடம் இது. ‘வலம்’ என்றால் வலப்பக்கம் நகர்வதா, நின்ற இடத்தில் திரும்புவதா என்று சண்டை வரும். விடுங்கள், அந்தச் சண்டை முடியும்போது கட்டளை என்றால் என்னவென்று புரிந்திருக்கும்.

அடுத்த பத்து நிமிடம் லேப்டாப். நான்கு லேப்டாப், ஒன்றுக்கு இருவர். பிள்ளைகள் கட்டளைக் கட்டைகளை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்ச் செயலியை இணையம் இல்லாமல் ஓடும்படி முன்பே நிறுவி, திரையில் கோடு வரையும் பேனா நீட்சியைச் சேர்த்து, பாதி எழுதிய நிரலைத் திறந்து வையுங்கள்: 60 அடி நகர்ந்து 90 பாகை திரும்புவதை நான்கு முறை செய்தால் சதுரம், அந்தச் சதுரத்தைப் போட்டு 30 பாகை திரும்புவதைப் பன்னிரண்டு முறை செய்தால் பூ. பிள்ளைகள் மாற்றவேண்டியது எண்களை மட்டும். 30ஐ 45 ஆக்கினால் எத்தனை முறை போதும் என்று கேளுங்கள். பெருக்கினால் 360 வரும்போது பூ சரியாக மூடும். வெறும் தாளில் தொடங்கச் சொன்னால் பத்து நிமிடமும் ஸ்கிராட்ச் திரையில் நிற்கும் பூனைக்குச் சட்டை மாற்றுவதில் போய்விடும். தொடுபலகை சின்ன விரலுக்கு ஒத்துவராது, நான்கு மவுஸ் வேண்டும். லேப்டாப்பை முழுக்க சார்ஜ் செய்து வந்தால் வயர் இல்லாமலே மூன்று மணி நேரம் ஓட்டலாம், தடுக்கி விழவும் வழியில்லை.

திரையில் வந்த பூவைக் கறுப்பு அட்டையில் மாவால் போட ஒரு மூலை வையுங்கள். மண்டபத் தரை வழவழ ஓடு, அதில் பொடி கொட்டினால் ஓடிவரும் பிள்ளை வழுக்கும்.

சந்தை நாள்

மேசையில் எழுதி ஒட்டிய விளக்கத்தை யாரும் படிக்க மாட்டார்கள். மாதிரிப் பலகை வையுங்கள்: தொடக்கம், பாதி, முடிந்தது என்று மூன்று நிலையில் அதே பொருள், தொட்டுப் பார்க்கும்படி. விளக்கம் கிரியோலில் போகட்டும். பொருளின் பெயரைத் தமிழில் சொல்லுங்கள்: ஓலை, செம்பு, மடிப்பு, புள்ளி, கத்தரி. மேசைக்கு ஐந்து சொல், பெரிய எழுத்தில். அதற்கு மேல் போனால் அது தமிழ் வகுப்பாகிவிடும், சனிக்கிழமையும் வகுப்பா என்று பிள்ளைகள் முகம் தொங்கும்.

கத்தரி 24 என்றால் அதில் மூன்று இடக்கைக் கத்தரி. மழுங்கிய கத்தரியைவிட ஆபத்தானது இல்லை, பிள்ளை பலம் கொடுத்து அழுத்தும்.

பெற்றோர் இன்னொரு கதை. பிள்ளை திணறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் கையிலிருந்து வாங்கி முடித்துக் கொடுப்பார்கள். மேசைக்கு இரண்டு மீட்டர் தள்ளி நாற்காலி வரிசை, அங்கே தேநீர். அப்படியும் கை பரபரப்பவர்களுக்கு வாக்வா பட்டை ஒரு கட்டு கொடுத்துத் தனிப் பாயில் உட்கார வையுங்கள்.

தால் பூரியும் கத்தோ பிமான் வடையும் 12:30க்குப் பிறகு. நடுவில் கொடுத்தால் எண்ணெய்க் கையோடு வந்து தொட்ட அட்டையில் எந்த டேப்பும் ஒட்டாது. படம் எடுப்பதற்குப் பெயர் எழுதும் மேசையிலேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள். 2017ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 16 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். ஒப்புக்கொள்ளாதவர் சீட்டில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்துவிட்டால் படம் எடுப்பவருக்குத் தெரியும்.

முடிந்ததும் ஒவ்வொரு மேசையிலும் மிஞ்சியதை எண்ணி, ஒரு உறை மேல் எழுதி வையுங்கள்: எத்தனை எடுத்தோம், எத்தனை மிச்சம், எது முதலில் தீர்ந்தது, எந்தச் சுற்று நீண்டது. பயன்படுத்திய பட்டன் பேட்டரி ஒவ்வொன்றின் இரு முகத்திலும் டேப் ஒட்டித் தனி டப்பாவில் போட்டு, பேட்டரி வாங்கிக்கொள்ளும் இடத்தில் சேருங்கள். தரையில் ஒட்டிய மாஸ்கிங் டேப்பை அன்றைக்கே உரித்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள் விட்டால் தாள் மட்டும் வரும், பசை ஓட்டிலேயே தங்கும், அடுத்த முறை மண்டபம் கேட்கப் போகும்போது அதைக் காட்டுவார்கள்.